பூவுக்குள் கணக்குப் பார்த்த ஜானகி அம்மாள்

செண்பகப் பூவை அறியாதவர்கள் கொங்கு நாட்டில் இருக்க மாட்டார்கள். கோவில் நந்தவனத்தில் ஓங்கி நிற்கும் மரம் அது. பொன் நிறப் பூ. ஒரே ஒரு பூவைக் கூந்தலில் செருகிக் கொண்டால் போதும். வீடு முழுவதும் மணக்கும். பூ வாடிய பிறகும் மணம் வாடாது.

இந்தச் செண்பகத்துக்கு வெளிநாட்டில் ஒரு தங்கை உண்டு. மக்னோலியா என்று பெயர். பார்வைக்கு இருவரும் வேறு வேறு போலத் தோன்றுவார்கள். ஆனால் தாவர நூல் அறிஞர்கள் இன்று இரண்டையும் ஒரே குடும்பத்தில் மட்டும் அல்ல, ஒரே இனப் பெயரின் கீழும் சேர்த்து விட்டார்கள்.

லண்டன் நகருக்குத் தென்மேற்கே விஸ்லி என்ற ஊர் இருக்கிறது. அங்கே புகழ் பெற்ற பெரிய தோட்டம் ஒன்று. தோட்டத்துக்குள் ஒரு மேடு. பாட்டில்ஸ்டன் குன்று என்று அதைச் சொல்வார்கள். குளிர் காலம் முடியும் சமயத்தில், ஒரு தளிர் கூட விடாத மொட்டைக் கிளைகளில் வெள்ளை வெளேர் என்று மக்னோலியா பூக்கும். நம் ஊரில் இலவ மரமும் கலியாண முருங்கையும் இலையை உதிர்த்து விட்டுப் பூப்பது போல.

அந்த மக்னோலியாக்களில் ஒரு வகைக்கு ஒரு பெண்ணின் பெயர். ஜானகி அம்மாள்!

ஆங்கிலேயரின் தோட்டத்துப் பூவுக்கு நம் நாட்டுப் பெயர் எப்படி வந்தது? அந்தக் கதையில் ஐந்து ஆண்டுகள் கோவையில் நடந்தவை.

நீதிபதியின் தோட்டம்

மலையாளக் கடற்கரையில் உள்ள தலைச்சேரியில், 1897-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி ஜானகி பிறந்தார். அப்பொழுது அந்த ஊர் சென்னை ராஜதானியைச் சேர்ந்தது. தந்தை ஈ. கே. கிருஷ்ணன், சப் ஜட்ஜ் உத்தியோகம் பார்த்தவர். தாய் தேவி.

மிகப் பெரிய குடும்பம். கிருஷ்ணனுக்கு இரண்டு மனைவியர். குழந்தைகள் மொத்தம் 19 பேர். இவ்வளவு பேருக்கு நடுவே ஒரு பெண் குழந்தை தனியாகத் தெரிவதே கடினம்.

நீதிபதிக்கு ஒரு பொழுதுபோக்கு இருந்தது. வீட்டைச் சுற்றித் தோட்டம் போட்டிருந்தார். செடிகளையும் பறவைகளையும் கவனித்துக் குறிப்பு எழுதுவார். மகள் ஜானகிக்கு அந்தப் பழக்கம் ஒட்டிக் கொண்டது. தந்தையின் சொத்தில் மகளுக்கு வந்த பங்கு அது என்று சொல்லலாம்.

தலைச்சேரி கான்வென்டில் படித்தார். பிறகு சென்னைக்கு வந்தார். ராணி மேரி கல்லூரி, அடுத்து மாநிலக் கல்லூரி. 1921-ம் ஆண்டில் தாவர நூலில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். சென்னை பெண்கள் கிறிஸ்துவக் கல்லூரியில் ஆசிரியை வேலையும் கிடைத்தது.

சகோதரிகளுக்கு ஒவ்வொருவராகத் திருமணம் ஆயிற்று. ஜானகிக்கும் வீட்டில் கலியாணப் பேச்சு எழுந்தது. அதே சமயத்தில் அமெரிக்காவில் படிக்க உதவித் தொகையும் வந்தது. மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் ஆசியப் பெண்களுக்கு என்றே பார்பர் என்ற செல்வர் ஏற்படுத்திய உதவித் தொகை அது.

தாலியா, கப்பலா? ஜானகி கப்பலைத் தேர்ந்தெடுத்தார். கடைசி வரை அவர் மணம் செய்து கொள்ளவே இல்லை.

அமெரிக்காவில் கால் வைத்ததும் குடியேற்ற அதிகாரிகள் அவரை நிறுத்தி வைத்தார்களாம். நீண்ட கருங்கூந்தலையும் பட்டுச் சேலையையும் பார்த்து, இந்திய ராஜகுமாரியோ என்று எண்ணி விட்டு விட்டார்களாம். அவர் குடும்பத்தார் சொல்லி வந்த கதை இது. கதர் கட்டிக் கொண்டு போயிருந்தால் என்ன நடந்திருக்குமோ!

சொடக்குத் தக்காளியின் உறவு

மிச்சிகனில் ஜானகி எடுத்துக் கொண்டது ஒரு பூச்செடி. நிகாண்ட்ரா என்று பெயர். தென் அமெரிக்காவில் பெரு நாட்டுச் செடி. அழகுக்காகத் தோட்டங்களில் வளர்ப்பார்கள். இளநீலப் பூ, நடுவில் வெள்ளை. பகலில் சில மணி நேரம் மட்டும் விரிந்திருந்து மூடிக் கொள்ளும்.

அதன் காயைப் பார்த்தால் நமக்கு உடனே அடையாளம் தெரிந்து விடும். நம் வரப்போரம் முளைக்கிற சொடக்குத் தக்காளியைப் போல, காயைச் சுற்றிக் காகித விளக்குப் போன்ற ஒரு கூடு. பிள்ளைகள் நெற்றியில் அடித்து வெடிக்க வைப்பார்களே, அந்தச் சாதிதான்.

இந்தச் செடிக்குள் ஜானகி எண்ணியது இதழ்களை அல்ல, இழைகளை.

எல்லாச் செடியும் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ் சிறு அறைகளால் ஆனது. உயிரணு என்கிறார்கள். ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் நூல் துண்டுகளைப் போலச் சில இழைகள் இருக்கின்றன. அவற்றுக்குக் குரோமோசோம் என்று பெயர். பூ என்ன நிறம், இதழ் எத்தனை தடிமன், மணம் உண்டா இல்லையா, விதை வைக்குமா வைக்காதா, எல்லாம் இந்த இழைகளில்தான் அடங்கியிருக்கின்றன. பாட்டியின் மூக்கு பேத்திக்கு வருவதும் இதே வழியில்தான்.

ஒவ்வொரு செடிக்கும் இத்தனை இழை என்று கணக்கு உண்டு. செண்பகத்துக்கு 38. காட்டு வாழைக்கு 22.

வாழையைச் சொன்னதால் ஒரு விஷயம். காட்டு வாழைப் பழத்தைத் தின்ன முடியாது. உள்ளே கருங்கல் போல விதைகள். நாம் உண்ணும் வாழைகளில் பெரும்பாலானவற்றுக்கு 33 இழைகள். இரண்டு பங்குக்குப் பதிலாக மூன்று பங்கு. மூன்றைச் சரிபாதியாகப் பிரிக்க முடியுமா? முடியாது. அதனால்தான் வாழையில் விதை பிடிப்பதில்லை. கட்டையை நட்டுத்தான் வளர்க்க வேண்டியிருக்கிறது. இழையின் கணக்கு மாறினால் செடியின் குணமே மாறி விடும் என்பதற்கு இதை விட நல்ல சான்று வேண்டாம்.

1931-ம் ஆண்டில் மிச்சிகன் பல்கலைக் கழகம் ஜானகிக்கு டாக்டர் பட்டம் அளித்தது. அமெரிக்காவில் தாவர நூலில் இந்தப் பெருமையைப் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி என்று அவரைச் சொல்வார்கள். அங்கே இருந்த காலத்தில் அவர் கலந்து உண்டாக்கிய கத்தரி வகை ஒன்றுக்கு ஜானகிக் கத்தரி என்றே பெயர் வந்தது.

கோவைக்கு வந்தார்

நாடு திரும்பிய டாக்டர் ஜானகி, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் பேராசிரியையாக இருந்தார். பிறகு 1934-ம் ஆண்டில் கோவைக்கு வந்தார். வயது 37.

கோவையில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் 1912-ம் ஆண்டில் தொடங்கியது. கரும்பு அதிகமாக விளைவது வடநாட்டில். ஆராய்ச்சி நிலையம் மட்டும் ஏன் கோவையில்? காரணம் பூதான். கொங்கு நாட்டுத் தட்ப வெப்பத்தில் கரும்பு நன்றாகப் பூக்கிறது. பூத்தால்தானே ஒன்றோடு ஒன்றைக் கலக்க முடியும்?

கரும்பு பூப்பது விவசாயிக்குப் பிடிக்காது. பூத்த கரும்பு வளர்வதை நிறுத்தி விடும். நாளானால் உள்ளே சக்கையாகும். ஆனால் ஆராய்ச்சிக்காரருக்கு அந்த வெள்ளிக் கதிர்தான் பொக்கிஷம். ஒரு கதிரில் ஆயிரக் கணக்கான பூக்கள். ஒவ்வொன்றும் அரிசி நொய்யைப் போல இருக்கும். பார்பர், வெங்கடராமன் என்ற இரு விஞ்ஞானிகள் அங்கே ஒரு புரட்சி செய்திருந்தார்கள். இனிப்பான கரும்பையும் ஆற்றங்கரையில் காடாக மண்டும் நாணலையும் கலந்து புதுக் கரும்பு எடுத்தார்கள். இனிப்பு தாயிடமிருந்து வந்தது. வறட்சியையும் குளிரையும் தாங்கும் உரம் நாணலிடமிருந்து வந்தது. அந்தக் கரும்புகளுக்கெல்லாம் கோயமுத்தூரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து, கோ 205 என்பது போலப் பெயர் வைத்தார்கள். வடநாட்டு வயல்களில் கோவையின் பெயர் பரவியது இப்படித்தான்.

ஜானகி அம்மாளின் வேலை இந்தக் கலப்புகளின் உள்ளே பார்ப்பது. மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்து இழைகளை எண்ணினார். இனிப்புக் கரும்புக்கு 80. நாணலுக்கோ ஒரே கணக்கு இல்லை. ஊருக்கு ஊர், ஆற்றுக்கு ஆறு வேறுபடும். 40 முதல் 128 வரை இருக்கிறது என்று இன்று கண்டிருக்கிறார்கள். ஆற்றங்கரையில் ஆடு மாடு மேய்கிற புல்லுக்குள் இத்தனை வகை இருக்கும் என்று யார் நினைத்தார்கள்?

கரும்பை மக்காச் சோளத்தோடு கலந்தார். சோளத்தோடு கலந்தார். இந்தச் செடிகள் வயலுக்கு வந்து விவசாயிக்குப் பணம் தரவில்லை. ஆனால் புல் சாதிகளுக்குள் யார் யாருக்கு உறவு என்பதைக் காட்டிக் கொடுத்தன. உலக விஞ்ஞானப் பத்திரிகைகளில் கோவையின் பெயரோடு ஜானகியின் பெயரும் வந்தது. சர். சி. வி. ராமன் தொடங்கிய இந்திய விஞ்ஞானக் கழகம், 1935-ம் ஆண்டிலேயே அவரை உறுப்பினராக ஏற்றுக் கொண்டது.

வெளியே மதிப்பு, உள்ளே நிம்மதி இல்லை. அவர் மணமாகாத பெண். பிற்பட்டதாகக் கருதப்பட்ட தீயர் சமூகத்தில் பிறந்தவர். ஆண்களே நிறைந்திருந்த இடத்தில், தம்மை விட அதிகம் படித்த ஒரு பெண்ணைச் சமமாக நடத்தச் சிலருக்கு மனம் வரவில்லை. படிப்பு இருந்தும், பட்டம் இருந்தும், கோவையில் அவருக்கு ஊன்றி நிற்க இடம் கிடைக்கவில்லை. கரும்பு நிலையத்துக்கு அது இழப்பே.

குண்டு மழையில் கணக்கு

1939-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரில் உலக மரபியல் மாநாடு கூடியது. ஜானகி அம்மாள் போனார். மாநாடு முடிந்த சூட்டோடு உலகப் போர் மூண்டது. அவர் திரும்பவில்லை. இங்கிலாந்திலேயே தங்கி விட்டார்.

லண்டனை அடுத்த மெர்ட்டனில் ஜான் இன்னெஸ் தோட்டக்கலை நிலையம் இருந்தது. அங்கே வேலை கிடைத்தது. இரவில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போடும். ஜானகி அம்மாள் கட்டிலுக்கு அடியில் புகுந்து கொள்வார். பொழுது விடிந்ததும், ஆராய்ச்சிச் சாலை அலமாரிகளில் நொறுங்கிக் கிடக்கும் கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கித் தள்ளி விட்டு மைக்ராஸ்கோப்பின் முன் உட்காருவார். இந்தியாவிலிருந்து வந்த ஓர் அணிற் பிள்ளையும் அவருக்குத் துணையாக இருந்தது. கபோக் என்று அதற்குப் பெயர். கபோக் என்றால் இலவம் பஞ்சு!

அங்கே அவர் தம் பழைய நீலப் பூவை மறக்கவில்லை. நிகாண்ட்ராவின் விதைகளில் சில உடனே முளைக்கின்றன. சில மண்ணுக்குள் தூங்கிக் கிடந்து வெகு காலம் கழித்து முளைக்கின்றன. ஏன் இப்படி? ஜானகி அம்மாளும் டார்லிங்டன் என்ற விஞ்ஞானியும் எண்ணிப் பார்த்தார்கள். 20 இழை உள்ள விதைகள் முந்திக் கொண்டு முளைத்தன. ஒன்று குறைந்து 19 உள்ளவை தாமதமாயின. அந்த ஒன்றில்தான் வித்தியாசம்.

இதில் செடிக்கு லாபம் உண்டு. முதல் மழைக்கு முளைத்த பயிர் காய்ந்து போனாலும் வம்சம் அழியாது. அடுத்த மழைக்கு என்று மண்ணில் விதை மிச்சம் இருக்கும். மானாவாரிக் காட்டில் விதைக்கிற பல்லடத்துக் குடியானவர் கேட்டால் தலையை ஆட்டி ஒப்புக் கொள்வார்.

1945-ம் ஆண்டில், மனிதன் வளர்க்கும் செடிகளின் குரோமோசோம் கணக்கை எல்லாம் தொகுத்து, டார்லிங்டனும் ஜானகி அம்மாளும் ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார்கள். உணவுப் பயிர், மூலிகை, அழகுப் பூச்செடி என்று ஆயிரக் கணக்கானவை அதில் உண்டு. பெரும்பாலும் எண்கள்தான். கதையோ படமோ எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் எந்தப் பூவை எந்தப் பூவோடு கலந்தால் விதை பிடிக்கும் என்று அறிய விரும்புகிறவர்கள் அந்தப் புத்தகத்தைத்தான் புரட்டினார்கள்.

காந்தளின் நஞ்சு

போர் முடிந்த பிறகு விஸ்லி தோட்டத்தார் ஜானகி அம்மாளை அழைத்துக் கொண்டார்கள். ராயல் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டம் அது. அதுவரை அவர் பார்த்தவை ஆராய்ச்சிக்கு வைத்த செடிகள். இங்கேயோ கண்ணுக்கு எட்டிய தூரம் அழகுக்கு என்றே வளர்த்த பூக்கள்.

ஒவ்வொரு குடும்பமாக எடுத்துக் கொண்டார். ரோடோடெண்ட்ரான் என்ற மலைப் பூவின் இனங்களை எண்ணினார். ஊட்டிக்குப் போனவர்கள் அதன் உறவைப் பார்த்திருப்பார்கள். புல்வெளி நடுவே கோணல் மாணலாக நிற்கும் மரத்தில், ரத்தச் சிவப்பாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். காட்டுப் பூவரசு என்பார்கள். அதன் கணக்கு 26. இமயமலையிலும் சீனாவிலும் உள்ள உறவினங்கள் சிலவற்றில் இந்தக் கணக்கு இரட்டித்தும் பல மடங்கு பெருகியும் இருப்பதை ஜானகி அம்மாள் எடுத்துக் காட்டினார். குளிரும் உயரமும் கூடக் கூட இப்படி நடப்பானேன் என்று கடைசி வரை ஆராய்ந்தார். காமெலியா என்ற பூவையும் பார்த்தார். அது நம் வால்பாறைத் தேயிலையின் உடன் பிறப்பு. தேயிலையை இலைக்கு வளர்க்கிறோம். காமெலியாவைப் பூவுக்கு வளர்க்கிறார்கள்.

கடைசியாக மக்னோலியா.

மக்னோலியா மிகப் பழமையான பூ. உலகத்தில் தேனீக்கள் தோன்றும் முன்பே அதன் முன்னோர்கள் பூத்து விட்டன என்று கண்டிருக்கிறார்கள். அக்காலத்தில் மகரந்தம் சுமக்க வண்டுகள்தான் இருந்தன. முரட்டு வண்டுகள் மிதித்தால் கிழியாதபடி இதழ்கள் தடித்தன என்பார்கள். மற்றப் பூக்களில் வெளியே பச்சையாகப் புல்லி இதழ் தனியாக இருக்கும். செண்பகத்திலும் மக்னோலியாவிலும் அந்தப் பாகுபாடு கிடையாது. எல்லாம் பூவிதழ் போலவே இருக்கும். நடுவில் ஒரு சிறு கூம்பு எழுந்து நிற்கும். ஒரு செண்பகப் பூவைப் பிரித்துப் பாருங்கள், தெரியும். பிறகு காய்கள் கொத்தாகப் பிடித்து, வெடித்து, செக்கச் சிவந்த விதைகளைக் காட்டும்.

ஜானகி அம்மாள் எடுத்துக் கொண்டது கோபஸ் என்ற ஜப்பானிய மக்னோலியா. அதன் மொட்டுகளுக்குப் பூனைக்குட்டியின் மேல் போல மெல்லிய ரோமப் போர்வை உண்டு. குளிர் காலம் முழுவதும் போர்த்திக் கொண்டு தூங்கி விட்டு, வசந்தம் வந்ததும் இலைக்கு முன்னால் பூ எழுந்து விடும். செண்பகத்தைப் போலவே இதற்கும் 38 இழைகள். இந்த 38-ஐ 76 ஆக்கினால் என்ன ஆகும்?

இரட்டிப்பாக்க ஒரு மருந்து இருந்தது. கோல்ச்சிசின். ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் பூக்கும் ஒரு கிழங்குச் செடியிலிருந்து அதை எடுத்தார்கள். செடிகளின் இழைகளை இரட்டிப்பாக்கும் சக்தி அதற்கு உண்டு என்பது 1937-ம் ஆண்டில் உறுதியாயிற்று.

அதே நஞ்சு நம் வீட்டு வேலியிலும் இருக்கிறது. செங்காந்தள்! தமிழ்நாட்டின் மாநில மலர். பச்சையாக மொட்டு விட்டு, மஞ்சளாக மலர்ந்து, நாள் ஆக ஆகத் தீயாகச் சிவக்கும். ஆறு இதழ்களும் நெளிந்து மேல் நோக்கி மடங்கியிருக்கும். இலையின் நுனியே கம்பியாகச் சுருண்டு வேலியைப் பற்றி ஏறும். மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சிப் பக்கங்களில் கண்வலிக் கிழங்கு என்ற பெயரில் பந்தல் கட்டிப் பயிர் செய்கிறார்கள். காலை நேரத்தில் ஆட்கள் பூப் பூவாகத் தொட்டு மகரந்தம் சேர்ப்பார்கள். விதை கோல்ச்சிசினுக்காக மருந்துத் தொழிலுக்குப் போகிறது. கிழங்கும் கொல்லும், விதையும் கொல்லும். வீட்டில் இந்தக் கொடி இருந்தால் குழந்தைகளை அண்ட விடக் கூடாது.

கோல்ச்சிசின் செய்வது என்ன? ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும் முன், தன் இழைகளை இரட்டித்து வைத்துக் கொள்ளும். அண்ணனுக்குப் பாதி, தம்பிக்குப் பாதி. இரண்டு பக்கமும் இழுத்துப் பங்கு போட மெல்லிய கயிறுகள் உண்டு. கோல்ச்சிசின் அந்தக் கயிறுகள் உருவாகாமல் தடுத்து விடுகிறது. பாகப் பிரிவினை நடப்பதில்லை. சொத்து முழுவதும் ஒரே வீட்டில் தங்கி விடுகிறது!

சொத்துப் பெருத்த உயிரணு பெரிதாகிறது. இதழும் இலையும் தடிக்கின்றன. தண்டு உரமாகிறது. தடித்த இதழ் விரைவில் வாடாது. பூந்தோட்டக்காரருக்கு வேறு என்ன வேண்டும்?

கேட்பதற்கு எளிது, செய்வது எளிதல்ல. மருந்து கொஞ்சம் கூடினால் செடி செத்து விடும். குறைந்தால் ஒன்றும் நடக்காது. பிழைத்தவையும் தொடக்கத்தில் முடமாகவும் மந்தமாகவும் வளரும். மேலும் மக்னோலியா அவசரப்படுகிற செடி அல்ல. விதை போட்டுப் பூப் பார்ப்பதற்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஜானகி அம்மாள் முளைத்து வந்த சிறு செடிகளுக்கு மருந்திட்டார். தேறியவை பாட்டில்ஸ்டன் குன்றில் நடப்பட்டன.

அவற்றில் ஒரு வகைதான் அவர் பெயரைப் பெற்றது. வெண்மையான இதழ்கள், நடுவில் ஊதா நிற மகரந்தக் கேசரங்கள். கோவை அவருக்குக் கொடுக்காத இடத்தை விஸ்லியில் ஒரு மேடு கொடுத்தது.

நேரு அழைத்தார்

1951-ம் ஆண்டில் பிரதமர் நேரு அழைத்ததன் பேரில் ஜானகி அம்மாள் தாய் நாட்டுக்குத் திரும்பினார். இந்தியத் தாவர ஆய்வுத் துறையைத் திருத்தி அமைக்கும் பொறுப்பு 1952-ம் ஆண்டில் அவருக்குத் தரப்பட்டது. வெள்ளைக்காரர் காலத்தில் நம் காட்டுச் செடிகளில் ஏராளமானவற்றைச் சேகரித்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போயிருந்தார்கள். நம் நாட்டுச் செடியை அறிய நாம் லண்டனுக்குப் போவதா? இந்தியச் செடிகளை இந்தியாவிலேயே சேர்த்து வைக்க வேண்டும் என்று அவர் போராடினார். திட்டம் அவர் நினைத்தபடி முழுவதும் நடக்கவில்லை. துறையின் தலைமைப் பதவியும் வேறொருவருக்குப் போயிற்று. அதில் அவருக்கு வருத்தம் இருந்தது.

அலகாபாத், காஷ்மீரத்து ஜம்மு, பம்பாய் என்று பல இடங்களில் வேலை பார்த்தார். 1955-ம் ஆண்டில் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரில், மனிதன் பூமியின் முகத்தை எப்படி மாற்றி விட்டான் என்று ஆராய உலக அறிஞர்கள் கூடினார்கள். அழைக்கப்பட்டவர்களில் பெண் ஜானகி அம்மாள் ஒருவரே. 1977-ம் ஆண்டில் அரசாங்கம் பத்மஸ்ரீ விருது அளித்தது.

மதுரவாயல்

1970-ம் ஆண்டில் சென்னைக்கு வந்து விட்டார். சென்னைப் பல்கலைக் கழகத்தின் தாவர ஆராய்ச்சிக்கு மதுரவாயலில் ஒரு தோட்டம் இருந்தது. அங்கேயே தங்கினார். மூலிகைச் செடிகள், பூனைகள், மைக்ராஸ்கோப். மஞ்சள் நிறச் சேலை. துறவி போல எளிய வாழ்க்கை. தம்மைப் பற்றி எழுதுவதை அவர் விரும்பியதில்லை. தாம் செய்த வேலை நிலைத்தால் போதும் என்றிருந்தார். அதனால்தானோ என்னவோ, அவர் பெயரை நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அதிகம் கேள்விப்படுவதில்லை.

கோவைக்கு மேற்கே, மலைகளைத் தாண்டிப் பாலக்காடு ஜில்லாவில் அமைதிப் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே குந்திப் புழையின் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்க 1970-க்குப் பிறகு ஏற்பாடு நடந்தது. காடு மூழ்கி விடும் என்று எதிர்ப்புக் கிளம்பியது. எண்பது வயது ஜானகி அம்மாளும் அதில் சேர்ந்தார். மேடைப் பேச்சு அவருக்குப் பழக்கம் இல்லை. தமக்குத் தெரிந்த வழியில் இறங்கினார். அந்தக் காட்டு மரங்களின் இழைகளை எண்ணிக் கணக்கு எடுக்கத் தொடங்கினார்.

1984-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஜானகி அம்மாள் மதுரவாயலில் காலமானார். வயது 86. அணைத் திட்டம் முந்திய ஆண்டிலேயே கைவிடப்பட்டிருந்தது. அதே ஆண்டு நவம்பர் மாதம் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

கோபஸ் மக்னோலியாவுக்குக் கடுங்குளிர் வேண்டும். கோவை வெயிலில் அதை வளர்த்துப் பூப் பார்க்க முடியாது. ஆனால் கொடைக்கானலில், வெப்ப நாட்டுக்கு ஏற்ற ரோஜாக்களை உண்டாக்கிய ஒரு தம்பதியர், தங்கள் புது ரோஜா ஒன்றுக்கு ஈ. கே. ஜானகி அம்மாள் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.